அங்கே போனால் இந்தி, இங்கே மட்டும் 'கன்னட கொத்தில்லா'வா?

போன வருடப் பொங்கலுக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடினோம். கோலப்போட்டி, உறியடி, பொடிசுகளின் திருக்குறள் ஒப்பித்தல், கடைசியில் சாப்பாடு. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது. (ஒட்டுக்கேட்கவில்லை சாமி, வரிசை அவ்வளவு நீளம்.)

"இந்த வடக்கத்திக்காரனுங்க பத்து வருஷமா இங்க குப்பை கொட்றானுங்க, ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது சார். ஆட்டோக்காரர்கிட்ட இந்தியில அதட்டுறானுங்க. என்ன திமிர் பாருங்க."

"அதைச் சொல்லுங்க. ஆமா, உங்க பொண்ணுக்குக் கான்பூர் ஐஐடி கிடைச்சும் வேண்டாம்னுட்டீங்களாமே?"

"அந்த ஊருக்கு எப்படி சார் அனுப்புறது? புழுதி, பான் எச்சில், கரண்ட் இருக்காது. மனுஷன் இருப்பானா அங்க? பாஷை வேற புரியாது."

இப்படிச் சொன்னவர் பெங்களூருக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. அவருக்குத் தெரிந்த கன்னடம் மொத்தமே இரண்டு சொல். 'கன்னட கொத்தில்லா.' வாசல் செக்யூரிட்டி, பால்காரர், பிளம்பர், இஸ்திரி போடுகிறவர், எல்லோரிடமும் தமிழ்தான். ஆட்டோக்காரரிடம் இந்தியில் அதட்டினால் திமிர்; தமிழில் அதட்டினால் அது என்னவாம்? உறவா?

நான் 2004 முதல் 2007 வரை கான்பூரில் குடும்பத்தோடு இருந்தவன். அதற்கப்புறம் இன்று வரை பெங்களூர். அதனால் அவர் திட்டிய ஊருக்காகவும், அவர் கற்காத மொழிக்காகவும் சண்டை போட எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. பதிவு காரமாகத்தான் இருக்கும். அல்சர் உள்ளவர்கள் தயிர்சாதத்தோடு படிக்கவும்.

நமக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. படித்தது தோல் தொழில்நுட்பம். முதல் வேலை ஆம்பூரில். அங்கிருந்து கான்பூர் ஜாஜ்மவுக்கு ஒரு டேனரி வேலை வந்தபோது வீட்டில் ஒப்பாரி வைக்காத குறைதான். சென்னையிலிருந்து ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. இறங்கினால் டிசம்பர் மாதப் பனிமூட்டம். எதிரே வரும் ரிக்‌ஷா தெரியவில்லை. தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு ஸ்வெட்டர் கிடையாது.

அந்த ஊர் சொர்க்கம் என்று கதை விட மாட்டேன். மே, ஜூனில் 'லூ' என்று ஒரு அனல்காற்று அடிக்கும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரம் அதன் தம்பி. கரண்ட் போனால் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடுவதை வைத்தே 'கட்டியாபாஸ்' என்று 2013ல் ஆவணப்படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். சுவரெல்லாம் பான் எச்சில். ராத்திரி பத்து மணிக்கு மேல் பெண்கள் தனியாகப் போக யோசிக்கத்தான் வேண்டும். எல்லாம் உண்மை.

ஆனால் மூக்கைப் பொத்துகிறவர்கள் யார் என்றும் பார்க்கவேண்டும் அல்லவா? ஜாஜ்மவின் நூற்றுக்கணக்கான டேனரிகளும் நகரத்துச் சாக்கடையும் கங்கையைக் கெடுத்தன. சீசாமவு நாலா என்ற ஒரே சாக்கடை மட்டும் நாளொன்றுக்கு 14 கோடி லிட்டர் கழிவைக் கங்கையில் கொட்டிக்கொண்டிருந்தது. 2018ல்தான் அதை மடக்கிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். சரி. நம்ம பாலாறு? ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகள் பாலாற்றைக் கெடுத்ததற்கு 1996ல் உச்சநீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. குரோமியம் கலந்த நீல நிறத் தண்ணீரை நான் இரண்டு ஊரிலும் பார்த்தவன், நிறத்தில் வித்தியாசமில்லை. அதெல்லாம் தள்ளி, பெல்லந்தூர் ஏரி? 2015ல் நுரை பிடித்து எரிந்தது, 2018 ஜனவரியில் மறுபடி எரிந்தது. தண்ணீரே தீப்பிடிக்கும் ஊரில் ஒன்றரைக் கோடிக்கு மூன்று படுக்கையறை வாங்கி பால்கனியில் நின்று போட்டோ எடுத்தவர்கள், கான்பூரைப் பார்த்து 'மனுஷன் இருப்பானா' என்கிறார்கள். என்ன கொடுமை சார் இது!

நிற்க. விஷயம் அழுக்கு இல்லை, பாஷை.

கான்பூரில் எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது. தெருவே அவரை மாதாஜி என்றுதான் கூப்பிடும். தங்கமணிக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. மாதாஜிக்கு இந்தி தவிர எதுவும் தெரியாது. இரண்டு பேரும் மொட்டைமாடி வெயிலில் பட்டாணி உரித்துக்கொண்டே பேசிக்கொள்வார்கள். எப்படி என்று கேட்காதீர்கள், பட்டாணி முடிவதற்குள் பேச்சும் நடந்துவிடும். இந்தியில் அரிசிச்சோறு ஆண்பால், பருப்பு பெண்பால். தண்ணீர் ஆண், ரயில் பெண். ஏன் என்று கேட்டால் கேட்டவனுக்குத்தான் தலைவலி. தங்கமணி "தால் பன் கயா" என்று சொல்ல, மாதாஜி விழுந்து விழுந்து சிரித்து "பன் கயீ" என்று திருத்த, அடுத்த வாரமே தங்கமணி மறுபடி பருப்பை ஆணாக்க... ஆறு மாதத்தில் காய்கறி வண்டிக்காரரோடு பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டார். ஒரு வருடத்தில் பேரத்தில் ஜெயிக்கும் அளவுக்கு. எனக்கு டேனரியில் தொழிலாளிகள் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் பாதியைப் பதிவில் எழுத முடியாது :-) 'பகைத்தி' என்று கான்பூரில் ஒரு சொல் உண்டு. வெட்டியாய் உட்கார்ந்து வீறாப்புப் பேசுவது. டீக்கடை பெஞ்சில் பகைத்தி அடிக்க ஆரம்பித்த அன்றுதான் அந்த ஊர் என்னை உள்ளே விட்டது.

இதில் நாங்கள் ஒன்றும் தியாகம் செய்யவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான். பசித்தால் வெங்காயம் வாங்க வேண்டும். வெங்காயம் விற்கிறவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம், ஐஐடி பேராசிரியர் வீட்டிலிருந்து பீரங்கித் தொழிற்சாலை ஊழியர் வீடு வரை, இந்தி பேசின. ஊரில் 'இந்தி ஒழிக' என்று தார் பூசிய தலைமுறை ஆட்கள் உட்பட. ஒருவர்கூட 'ஹிந்தி நஹீ மாலூம்' என்று பதினாலு வருடம் ஓட்டவில்லை, ஓட்டியிருக்கவும் முடியாது.

அந்த ஊரில் வாழ்ந்து காட்டியவர்களில் பெரியவர் கேப்டன் லட்சுமி. 1914ல் மெட்ராஸில் பிறந்தவர், 1938ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம், சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படை. இதுவரை நமக்கு எல்லோருக்கும் பாடம். அதற்கு அப்புறம்? 1947ல் பிரேம் சேகலைக் கல்யாணம் செய்துகொண்டு போய் இறங்கியது இதே கான்பூரில்தான். பிரிவினையில் வீடு இழந்து வந்த அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1984ல் சீக்கியர்களை அடிக்கக் கும்பல் வந்தபோது தெருவில் நின்று தடுத்தார். 2002ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் கலாமை எதிர்த்து நின்றது கான்பூர் டாக்டரம்மா என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? நான் அங்கிருந்த காலத்தில் தொண்ணூறு தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012 ஜூலையில் அங்கேயே காலமானார், உடலையும் அந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். அறுபத்தைந்து வருடம் நோயாளியிடம் 'எங்கே வலிக்கிறது' என்று அவர் எந்த மொழியில் கேட்டிருப்பார்?

பொண்ணை அனுப்பாத நண்பருக்கு இன்னொரு தகவல். நாம் பொட்டி தட்டிப் பிழைக்கிறோமே, அந்தப் பிழைப்பு முளைவிட்ட இடங்களில் ஒன்று கான்பூர் ஐஐடி. 1963லேயே ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கிய வளாகம் அது. அங்கே 1965ல் கணினி அறிவியல் பாடத்திட்டத்தைத் தொடங்கியவர் வி. ராஜாராமன், ஈரோட்டில் பிறந்தவர். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் நம்ம இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி. ராஜாராமன் 1982ல் பெங்களூர் ஐஐஎஸ்சிக்கு வந்துவிட்டார். ஆக, நண்பர் மாதச் சம்பளம் வாங்கும் ஊருக்கு, அவர் பொண்ணை அனுப்பப் பயப்படும் ஊரிலிருந்துதான் வழி வந்தது.

2024 ஜனவரியில் பழைய ஊரைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தேன். 2021 டிசம்பரில் ஆரம்பித்த மெட்ரோ ஐஐடி வாசலிலிருந்தே ஓடுகிறது. பனிமூட்டம் அதே, ரயில் தாமதம் அதே. மாதாஜி இல்லை, மருமகள் இருந்தார். தங்கமணியின் இந்தியைக் கேட்டு "பாபிஜி, மறக்கவே இல்லையே" என்று கட்டிக்கொண்டார். பிறகு அவர் பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. பெங்களூரில் மாரத்தஹள்ளியில் வேலையாம். "அங்கே ஆட்டோக்காரர்கள் இந்தி பேசினால் சண்டைக்கு வருகிறார்களாமே, அப்படியா?" என்று கவலையோடு கேட்டார். கன்னடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், ஆறு மாதம் போதும், உங்கள் மாமியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்றேன். சரி என்றார். அந்தப் பையனுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. நம்ம ஆட்களுக்கு இருக்கிறதா?

பெங்களூருக்கு வருவோம். இந்த ஊர் தமிழனை ஏன் கெடுத்தது என்றால், கான்பூர் செய்த உதவியை இது செய்யவில்லை. இங்கே யாரும் நம்மைத் திணறவிடுவதில்லை. 1809ல் வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடு வந்த தமிழ், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருநூறு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோக்காரருக்குக் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நாலும் தெரியும். அவர் நம் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறுவது அவருடைய மரியாதை. அதை நாம் நம்முடைய உரிமை என்று எடுத்துக்கொண்டோம். நாலு மொழி பேசுகிறவர் முன்னால் ஒரு மொழியை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துகிறோம்.

2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 21 லட்சம். அதே கணக்கில் தமிழ்நாட்டில் கன்னடத் தாய்மொழிக்காரர்கள் 12 லட்சத்துக்கு மேல். ஓசூரில், கோவையில், ஈரோட்டுப் பக்கம் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கடைத்தெருவுக்கு வந்து 'தமிழ் தெரியாது, நீ கன்னடத்தில் பேசு' என்று சொல்லி எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? சொன்னால் நாம் விட்டிருப்போமா?

இப்படிச் சொன்னால் உடனே ஒருவர் கிளம்புவார். "தமிழ்லேர்ந்துதான் சார் கன்னடமே வந்தது." 2025ல் ஒரு சினிமா மேடையில் கமல் இதைச் சொல்லி, படம் கர்நாடகத்தில் வெளிவராமல் உச்சநீதிமன்றம் வரை போன கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் எங்கள் குடியிருப்புத் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பறந்த வீரத்தைப் பார்க்கவேண்டுமே! மொழியியல்காரர்கள் சொல்வது எளிது: தமிழும் கன்னடமும் ஒரே மூலத் திராவிடத் தாயின் பிள்ளைகள். அக்கா தங்கை. ஒன்று மற்றதைப் பெறவில்லை. ஹல்மிடி கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டு. 'கவிராஜமார்க்கம்' ஒன்பதாம் நூற்றாண்டு. சரி, ஒரு பேச்சுக்கு மகள் என்றே வைத்துக்கொள்வோம். மகள் பேசுவது புரியவில்லை என்று பெருமையடிக்கிற அம்மாவை எந்த ஊரிலாவது பார்த்ததுண்டா?

உறவு என்று வாய்கிழியப் பேசுகிறவர்கள் அந்த உறவு தரும் சலுகையையாவது பயன்படுத்தலாம். நம்ம 'ப' சொல்லின் தொடக்கத்தில் வந்தால் அவர்களுக்கு 'ஹ': பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பத்து ஹத்து. (பழைய கன்னடத்தில் பாலுக்குப் பால்தான், பிற்பாடு மாறியது.) நம்ம 'வ' பல இடத்தில் 'பஸ்'ஸில் வருகிற ப ஆகும்: வா பா, வேர் பேரு, வில் பில்லு, வேலி பேலி. நம்ம செவி அவர்களுக்குக் கிவி. வாக்கியம் கட்டும் முறை அப்படியே நம்முடையது. அரிசிக்கும் பருப்புக்கும் ஆண் பெண் பார்க்கும் வேலையெல்லாம் கிடையாது. எழுத்து வேறு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பேசுவதற்கு எழுத்து எதற்கு? தங்கமணிக்கு இந்தி வர ஆறு மாதம் ஆனது. கன்னடம் மூன்று மாதம். எதிர்வீட்டு அஜ்ஜி "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் மல்லிக்கட்டு கொத்தம்பரி சொப்பு ஆகிவிட்டது.

இந்த ஊரில் கேப்டன் லட்சுமி மாதிரி ஆட்களும் இல்லாமல் இல்லை. மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் வீட்டில் பேசியது தமிழ். எழுதியது கன்னடம். 1983ல் ஞானபீடம் வாங்கினார். கன்னட நவீன நாடகத்தின் பிதா என்று கொண்டாடப்படும் டி.பி. கைலாசமும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான். நம்மை யாரும் நாடகம் எழுதச் சொல்லவில்லை. கீரைக்காரம்மாவிடம் விலை கேட்கத்தான் சொல்கிறோம்.

அடுத்த அஸ்திரம் கொஞ்சம் கனமானது. "காவிரிக்காக நம்மள அடிச்சவங்க பாஷையை நாம ஏன் சார் கத்துக்கணும்?" 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் மேல் நடந்தது கொடூரம். ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று ஒரே பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் 1991லிருந்து சாக்குத்துணி மூடி நின்றார். 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் கருணாநிதி வந்து திறந்தார், நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்தார். எதையும் நான் மறக்கச் சொல்லவில்லை. கன்னடம் பேசினால் கலவரக்காரன் விட்டுவிடுவான் என்றும் சொல்ல மாட்டேன், வெறிபிடித்தவன் இலக்கணம் பார்ப்பதில்லை.

ஆனால் அடி வாங்கியது யார்? 1991ல் குடிசைப் பகுதிகளில் இருந்த கூலித் தமிழர்கள். கட்டட வேலை, மூட்டை தூக்கும் வேலை, தள்ளுவண்டி. அவர்களுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும், பிழைப்பே அதில்தான். கன்னடம் தெரியாத நாம், கேட் போட்ட வளாகத்துக்குள் உட்கார்ந்து லீவு போட்டு டிவி பார்ப்போம். 2016ல் அப்படித்தான் பார்த்தோம். நாம் சேர்த்துவைக்கிற 'திமிர் பிடித்த தமிழன்' என்ற பெயருக்கு வட்டி கட்டுகிறவர் தள்ளுவண்டிக்காரர். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

1938லும் 1965லும் நாம் இந்தியை எதிர்த்தோமே, அதன் நியாயம் என்ன? எங்கள் மண்ணில் வந்து உன் மொழியை எங்கள் மேல் ஏற்றாதே, இங்கே வந்தால் நீ எங்கள் மொழியைக் கற்றுக்கொள் என்பதுதானே? நான் அந்த நியாயத்தின் பக்கம்தான், அன்றும் இன்றும். கான்பூரில் நான் இந்தி பேசியதும் அதே நியாயத்தால்தான். ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததும் அது செல்லாது என்று எந்தத் தமிழ்த் தலைவர் சொன்னார்? 2025 மே மாதம் சந்தாபுராவில் ஒரு வங்கி மேலாளர் கன்னடம் பேச மாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் மல்லுக்கு நின்ற காணொளி பரவி, முதல்வர் சித்தராமையா கண்டித்து, அவரை இடம் மாற்றினார்கள். நம்ம குழுவில் ஒரே கைதட்டல். கைதட்டியவர்களில் கன்னடத்தில் வங்கிக் கணக்கு திறக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரலே மிச்சம் இருந்தது.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். 2015ல் வந்த கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி இங்கே பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடமாக இருந்தாக வேண்டும். அதை எவ்வளவு குறைவாகப் படித்துத் தப்பிக்கலாம் என்று பெற்றோர்கள் ஆலோசனைக் கூட்டம் போடுகிறார்கள். நம் தமிழ்ப் பெற்றோர் முன் வரிசையில். மூன்றாம் மொழியாக ஒப்புக்குக் கன்னடம், இரண்டாம் மொழியாக இந்தி! "நாளைக்கு வடக்கே வேலைக்குப் போனா உதவும்" என்று காரணம் வேறு. எந்த வடக்கு? பொண்ணை அனுப்ப மாட்டேன் என்றீர்களே, அந்த வடக்கா? அப்படியே போனாலும், தெருவில் இறங்கினால் ஆறு மாதத்தில் வந்துவிடும், தங்கமணி சாட்சி. பிள்ளை விளையாடுவதும் சைக்கிளில் விழுவதும் இந்தத் தெருவில்.

அடுத்த கல்வியாண்டுக்கான மொழித் தேர்வுப் படிவம் பள்ளியிலிருந்து வரும். அதில் இரண்டாம் மொழி என்ற கட்டத்தில் எதை டிக் அடித்தீர்கள் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஆட்டோக்காரரிடம் இந்தி பேசுகிறவனின் திமிரைப் பற்றிப் பேச வாருங்கள். டீ வாங்கித் தருகிறேன், உட்கார்ந்து பகைத்தி அடிப்போம்.